கர்ணம் முதல் குரூப் 4 வரை: தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வின் வரலாறும் பாடத்திட்டமும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் தேர்வுகளில் மிகப் பெரும் எண்ணிக்கையில் மக்கள் எழுதுவது தொகுதி 4 தேர்வாகும். பேச்சு வழக்கில் இது குரூப் 4 எனப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், வரித்தண்டலர் முதலான பணிகளுக்கு இத்தேர்வின் வழியே ஆட்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைக் கல்வித் தகுதி. ஆயினும் பட்டதாரிகளும் முதுகலை, பொறியியல் படித்தவர்களும் பெருமளவில் எழுதுகின்றனர். 2018 பிப்ரவரி 11 அன்று நடந்த தேர்வில் 9,351 பணியிடங்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தனர்.

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், வாடிப்பட்டி என மதுரையைச் சூழ்ந்த வட்டங்களில் குரூப் 4 என்ற சொல்லை அறியாத வீடு அரிது. இத்தேர்வின் பாடத்திட்டம் ஏன் இப்படி அமைந்துள்ளது, இவ்வமைப்பு எப்படி உருவானது என்பதை அறிந்தால் தேர்வுக்குப் படிப்பதும் எளிதாகும்.

பழங்காலத்தில் தகுதி விதிகள்

பொதுப்பணிக்கு வருவோருக்குத் தகுதி வகுக்கும் வழக்கம் பாண்டிய நாட்டில் பழமையானது. திருநெல்வேலி மாவட்டம் மானூரில் உள்ள மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு கி.பி. 800-ஐ ஒட்டியது. ஊர்ச் சபையில் உறுப்பினராக நிலவுடைமை, நூற்பயிற்சி, நல்லொழுக்கம் ஆகியவை வேண்டும் என்று அது கூறுகிறது. சபையில் வரும் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லி இடையூறு செய்வோருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது. சோழ நாட்டு உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டவை. இரண்டிலும் தகுதி விதிகள் இருந்தன. ஆனால் நிலம் இல்லாதவருக்கும் வேத நூல் கற்க இடம் தரப்படாதவருக்கும் வாசல் திறக்கவில்லை.

மதுரைக்குத் தேர்வு என்பதும் புதிதன்று. சங்கப் பலகை பற்றிய கதை இவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. 1901 செப்டம்பர் 14 அன்று பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், பால பண்டிதம், பண்டிதம் போன்ற தமிழ்த் தேர்வுகளை நடத்தியது. அவற்றில் தேறியோர் பலர் தமிழாசிரியர் பணிக்குச் சென்றனர்.

ஆணையம் பிறந்த கதை

இந்தியாவில் அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு நடத்தும் முறை ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றியது. 1855 முதல் ஐ.சி.எஸ். பணிக்கு லண்டனில் தேர்வு நடந்தது. கடல் கடந்து சென்று எழுத வசதி உள்ளவருக்கே அது எட்டியது. 1922-இல்தான் அத்தேர்வு இந்திய மண்ணிலும் நடத்தப்பட்டது.

மாகாண அளவில் சென்னை முந்திக்கொண்டது. 1929-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தின்படி சென்னைப் பணியாளர் ஆணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் இத்தகைய ஆணையத்தை முதலில் பெற்றது சென்னை மாகாணமே. தலைவரைச் சேர்த்து மூன்று உறுப்பினர்களுடன் அது தொடங்கியது. 1970-இல் அது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற இன்றைய பெயரை அடைந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 315 முதல் 323 வரையிலான உறுப்புகள் இத்தகைய ஆணையங்களைப் பற்றியவை. தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் பகுதி இது.

ஆணையம் தோன்றிய காலத்தில் யாருக்கு எத்தனை இடம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 1920-களின் வகுப்புவாரி அரசாணைகள் பணியிடங்களைப் பல பிரிவினருக்கும் பங்கிட்டன. 1949 டிசம்பரில் மாவட்ட முன்சீப் பணிக்கு ஆணையம் விடுத்த அறிவிப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெங்கடரமணா வழக்கு எனப்படும் அதிலும், கல்லூரிச் சேர்க்கை தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கிலும் 1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. வகுப்புவாரி முறை செல்லாது என்றாயிற்று. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, அதே ஆண்டில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து 15(4) உறுப்பு சேர்க்கப்பட்டது. இன்று 69 விழுக்காடு இடஒதுக்கீடு பின்வருமாறு பின்பற்றப்படுகிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் இனத்தவர் 18 (அதில் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1.

கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்தது

சிற்றூர் மக்களுக்கு அரசு என்றால் நேரில் தெரிந்த முகம் கர்ணமும் மணியக்காரரும்தான். நிலக் கணக்கு கர்ணத்தின் கையில். வரி வசூல் மணியக்காரரின் கையில். 1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பணிகள் சட்டப்படி இப்பதவிகள் தந்தைக்குப் பின் மகனுக்குச் சென்றன. ஊரில் எவ்வளவு படித்தவர் இருந்தாலும், கணக்குப் பிள்ளையின் வீட்டில் பிறக்காதவர் கணக்குப் பிள்ளை ஆக முடியாது.

இம்முறை மூன்று கட்டங்களில் முடிவுக்கு வந்தது. முதலாவதாக, ஆந்திரத்திலிருந்து சென்ற தசரத ராமராவ் வழக்கில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரிசு வழியில் அரசுப் பதவி தருவது, பிறப்பை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது என்னும் 16-ஆம் உறுப்புக்கு முரண் என்றது அத்தீர்ப்பு. இரண்டாவதாக, 1968-இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராமப் பணிச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் ஏற்கெனவே பதவியில் இருந்த பகுதிநேரக் கிராம அலுவலர்கள் பலர் தொடர்ந்தனர். மூன்றாவதாக, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் அந்தப் பகுதிநேரப் பதவிகளையே ஒழித்தது. 1981-இல் அது சட்டமாயிற்று. எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ராஜேந்திரன் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

அதன் பின் முழுநேர அரசு ஊழியராகக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பத்தாம் வகுப்பு தேறியவர் எவரும் எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் எழுதலாம் என்ற நிலை ஏற்பட்டது. அடங்கலும் சிட்டாவும் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலை மாறி, தேர்வில் வென்றவரின் பொறுப்பில் வந்தன. கூலி வேலை செய்தவரின் மகள் அதே ஊர்ப்பகுதியில் வருவாய்ப் பதிவேட்டில் கையெழுத்திடும் அலுவலராக அமர முடிந்தது. குரூப் 4 தேர்வை வெறும் வேலைவாய்ப்பாக மட்டும் பார்க்க இயலாததற்கு இதுவே காரணம். கிராம நிர்வாக அலுவலர் பணிக்குத் தனியாக நடந்துவந்த தேர்வு, 2018 பிப்ரவரி தேர்வு முதல் குரூப் 4 உடன் இணைக்கப்பட்டது.

இன்றைய தேர்வு அமைப்பு

குரூப் 4-க்கு ஒரே ஒரு எழுத்துத் தேர்வு மட்டுமே உண்டு. முதன்மைத் தேர்வோ நேர்காணலோ கிடையாது. 200 வினாக்கள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஒவ்வொரு வினாவுக்கும் ஒன்றரை மதிப்பெண்.

பகுதி அ: தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு – 100 வினாக்கள், 150 மதிப்பெண்.
பகுதி ஆ: பொது அறிவு 75 வினாக்கள், திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் 25 வினாக்கள் – 150 மதிப்பெண்.

பகுதி அ-வில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் பெற வேண்டும். 40 வினாக்களுக்குச் சரியான விடை இதற்குப் போதும். அதைப் பெறாதவரின் பகுதி ஆ விடைகள் மதிப்பிடப்படுவதில்லை. மொத்தத்தில் குறைந்தபட்சம் 90 மதிப்பெண் தேவை. இது தரவரிசையில் இடம்பெறுவதற்கான எல்லை மட்டுமே. பணி கிடைக்கும் மதிப்பெண், போட்டியையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்து இதைவிடப் பல மடங்கு உயரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஒரு வினாவுக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாக 54 நொடி. தமிழ்ப் பகுதியை விரைந்து முடித்து, அதில் மிஞ்சும் நேரத்தைக் கணக்குகளுக்குச் செலவிடுவது தேர்வர்களின் வழக்கம்.

தமிழ்த் தாள் கட்டாயமானது 2021 டிசம்பர் 1-ஆம் நாளிட்ட மனிதவள மேலாண்மைத் துறை அரசாணையால். அதற்கு முன் பொதுத் தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருந்தது.

பாடத்திட்டத்தை வாசிப்பது எப்படி

3,935 பணியிடங்களுக்காக 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வு புதிய பாடத்திட்டத்தின்படி அமைந்தது. தமிழ்ப் பகுதியில் வினாக்களின் பங்கீடு: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் தமிழ்த் தொண்டர்களும் 15. முன்பு நூல், நூலாசிரியர், அடைமொழி என மனப்பாடம் செய்தே பெருமளவு மதிப்பெண் பெற முடிந்தது. இப்போது நூறில் எண்பதுக்கு மேற்பட்ட வினாக்கள் மொழியைப் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கின்றன. அலுவலகக் கோப்பில் பிழையின்றிக் குறிப்பு எழுத வேண்டியவருக்கு இது பொருத்தமான மாற்றமே.

பொது அறிவில்: அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறு, பண்பாடு, தேசிய இயக்கம் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிருவாகமும் 20, தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. திறனறிவு 15, காரணவியல் 10. அறிவியலும் புவியியலும் சேர்ந்து 10 வினாக்கள்தாம். தமிழ்நாடு தொடர்பானவையும் பொருளாதாரமும் சேர்ந்து 40. படிக்கும் நேரத்தையும் இந்த அளவிலேயே பங்கிடுவது முறை.

மதுரைப் பகுதி மாணவர்களுக்கு இப்பாடத்திட்டத்தில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. பாடத்தின் பல பகுதிகள் அவர்கள் ஊரைச் சுற்றியே உள்ளன. தொல்லியல் என்றால், நகரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் சிவகங்கை மாவட்டத்தில் கீழடி. மேலூருக்கு அருகே நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய மாங்குளம் தமிழிக் கல்வெட்டுகள். சமூக இயக்கம் என்றால், 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த மீனாட்சியம்மன் கோயில் நுழைவு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால், 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு. நீர்ப்பாசனம் என்றால், 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையும் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும். கண்ணால் கண்ட இடத்தோடு சேர்த்துப் படித்த செய்தி எளிதில் மறப்பதில்லை. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாதவர்களுக்கும் படிக்க இடம் தருகிறது.

நம்பிக்கை குலைந்த ஆண்டு

2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வின் தரவரிசை வெளியானபோது ஓர் ஐயம் எழுந்தது. முன்னணி இடங்களைப் பிடித்தவர்களில் பலர் இராமநாதபுரம் மாவட்டத்தின் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள். அவர்களுள் வெளி மாவட்டத்தவரே மிகுதி. எழுதிய சில மணி நேரத்தில் மறையும் மையால் விடைத்தாளில் குறித்துவிட்டு வர, விடைத்தாள்கள் சென்னைக்குச் செல்லும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பியது விசாரணையில் தெரியவந்தது. 2020 ஜனவரியில் ஆணையம் 99 பேரைத் தகுதிநீக்கம் செய்து, இனி எந்தத் தேர்வும் எழுத முடியாதபடி வாழ்நாள் தடை விதித்தது. சிபிசிஐடி வழக்குப் பதிந்தது.

இன்றைய விடைத்தாளில் மாணவர்கள் தொல்லையாக நினைக்கும் சில விதிகள் இந்நிகழ்வின் விளைவுகளே. விடை தெரியாவிட்டால் கட்டத்தை வெறுமனே விடக் கூடாது. விடை தெரியவில்லை என்பதற்கான ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு விடை வகையிலும் எத்தனை வட்டங்கள் நிரப்பப்பட்டன என்று எண்ணி எழுத வேண்டும். இதற்கெனத் தனியாக 15 நிமிடம் தரப்படுகிறது. வெற்றிடம் இல்லாத தாளில் பிறர் எதையும் சேர்க்க முடியாது. எண்ணிக்கை எழுதிய தாளில் எதையும் மாற்ற முடியாது. இவ்விதிகளைப் பின்பற்றாதவருக்கு மதிப்பெண் குறையும் என்பதால் பயிற்சித் தேர்வுகளிலேயே இதைப் பழகிக்கொள்வது நலம்.

தமிழ்வழிக் கல்வியும் மதுரைக் கிளையும்

2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டு, தொலைநிலைக் கல்வியில் மட்டும் ஒரு தமிழ்வழிப் பட்டம் பெற்றுச் சிலர் இச்சலுகையை அடைகின்றனர் என்ற புகார் எழுந்தது. 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதை நடைமுறைப்படுத்துவது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இப்போது முதல் வகுப்பு முதல் குறித்த கல்வித் தகுதி வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்று கேட்கப்படுகிறது. பள்ளி மாறிப் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் சான்று பெற வேண்டியிருப்பதால், தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் முன்பே வாங்கி வைப்பது அவசியம்.

மதிப்பீடு

இத்தேர்வைப் பற்றிய குறைகளும் உண்மையானவை. வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் போய்க்கொண்டே படிப்பவரும், மூன்றாண்டு வேலையின்றிப் படிக்க வசதியுள்ளவரும் ஒரே தாளை எழுதுகின்றனர். ஒரு பணியிடத்துக்குப் பல நூறு பேர் போட்டியிடும்போது, ஒன்றரை மதிப்பெண் வித்தியாசத்தில் நிற்பவர் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது. மனு கொடுக்க வரும் முதியவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவரா என்பதை எந்த வினாத்தாளும் அளப்பதில்லை.

எனினும் மானூர்ச் சபை கேட்ட நிலத்தையும், 1895-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட பிறப்பையும் இத்தேர்வு கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு வரையிலான படிப்பையும் தமிழறிவையும் மட்டுமே கேட்கிறது. 2019-இல் நடந்த முறைகேடு மக்களை அவ்வளவு சினங்கொள்ளச் செய்ததும் இதனால்தான். தந்தை வழிச் சொத்தாக இருந்த பதவி விலை கொடுத்து வாங்கும் பதவியாக மாறிவிடக் கூடாது என்ற அச்சம் அதில் இருந்தது. விடைத்தாளின் கடைசி 15 நிமிடத்தில் வட்டங்களை எண்ணி எழுதும் தேர்வர், அந்த வாசல் திறந்தே இருப்பதற்கான காவலையும் தம் கையால் செய்கிறார்.