ஒளி பட்டதும் ஒருங்கே மடங்கும் மூலக்கூறுகள்

ஒரே கரைசல், ஒரு முறை அளந்தால் ஓர் எண், மறுமுறை அளந்தால் வேறோர் எண். ஆய்வகத்தில் இதைவிடத் தலைவலி தரும் செய்தி வேறில்லை. இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜி. எஸ். ஹார்ட்லி என்ற வேதியியலாருக்கு இப்படி ஒரு தலைவலி வந்தது. அவர் ஆராய்ந்த பொருள் அசோபென்சீன். 1834-இல் மிட்செர்லிக் என்ற ஜெர்மானியர் தயாரித்த ஆரஞ்சு நிறப் படிகம் அது. நூறாண்டுகள் பழகிய பொருளின் அளவுகள் ஏன் ஒத்துவரவில்லை? வெளிச்சத்தில் இருந்த கரைசல் ஒரு விதமாகவும், இருட்டில் இருந்தது வேறு விதமாகவும் நடந்துகொள்வதை ஹார்ட்லி கண்டார். ஒளியே அப்பொருளின் இன்னொரு வடிவத்தை உண்டாக்கியிருந்தது! அவ்வடிவத்தைப் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தார்.

இந்த மூலக்கூறை நீங்களே தாளில் வரைந்து பார்க்கலாம். நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ளன. அவற்றின் இருபுறமும் ஒவ்வொரு பென்சீன் வளையம். இயல்பு நிலையில் வளையங்கள் எதிரெதிர்ப் பக்கம் நீட்டி நிற்கும். இது டிரான்ஸ் வடிவம். புற ஊதா ஒளி பட்டால் மூலக்கூறு, முழங்கையை மடக்கியது போல் வளையும். இது சிஸ் வடிவம். நீண்டிருக்கையில் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 0.9 நானோமீட்டர், மடங்கினால் 0.55 தான். நீல ஒளி பட்டால் மீண்டும் நிமிர்ந்துவிடும். இருட்டில் சும்மா விட்டாலும் மெல்ல நிமிரும்.

அப்படியானால் இதை மின்சுற்றில் ஒரு குட்டிச் சுவிட்சாக வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மூலக்கூறை உலோகத்தின்மேல் அமர்த்த வேண்டும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரிகின்றன. ஒளியை ஏற்றுக் கிளர்ச்சியுற்ற மூலக்கூறிடமிருந்து அந்த ஆற்றலை அவை உடனே பறித்துக்கொள்கின்றன. மடங்க நேரமே இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மைக்கேல் குரோமியின் குழுவினர், மூலக்கூறுக்குப் பருத்த கரிமத் தொகுதிகளைக் கால்களாகப் பொருத்தித் தங்கத்தின்மேல் தூக்கி நிறுத்தினர். நான்கு கால்கள் வைத்த பிறகே அது ஒளிக்கு இசைந்து மாறியது. இது 2007-இல்.

வேறொரு வழியும் இருந்தது. கந்தகம் தங்கத்தை இறுகப் பற்றும். அதனால் கந்தகம் கொண்ட கரிம மூலக்கூறுகள் தங்கப் பரப்பில் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் என்பதை 1983-இல் பெல் ஆய்வகத்தின் நுஸ்ஸோவும் அல்லாராவும் காட்டியிருந்தனர். நாற்றங்காலில் நாற்று நிற்பது போல மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும். அவற்றின் தலைப்பகுதி உலோகத்தை விட்டு எட்டியே இருக்கும். ஆனால் இங்கே நெருக்கமே பகை. கூட்டம் நிறைந்த பேருந்தில் முழங்கையை மடக்கி நீட்ட முடியுமா? ஆகவே இடையிடையே வேறு மூலக்கூறுகளைக் கலந்து இடம் உண்டாக்குவது பலரும் கையாண்ட முறை.

2007-இல் ஸ்டிராஸ்பர்க்கின் பாவ்லோ சமோரி, பெராராவின் மரியா ரம்பி, மார்செல் மாயர் முதலியோர் சேர்ந்து வெளியிட்ட முடிவு இந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. அவர்கள் எடுத்தது நைட்ரஜன் இணையின் இருபுறமும் இரண்டிரண்டு வளையங்களும், அடியில் கந்தகமும் கொண்ட விறைப்பான கோல் போன்ற மூலக்கூறு. கலப்பே இல்லாமல் அதை நெருக்கமாக அடுக்கி, ஒளி பாய்ச்சி, 1981-இல் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியால் பார்த்தார்கள். மடங்கியவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கவில்லை. படிகம் போல ஒழுங்காக அமைந்த திட்டுகள் முழுமுழுத் திட்டுகளாகவே மாறியிருந்தன!

காரணம் அண்டை மூலக்கூறுகளுக்கு இடையேயான கவர்ச்சி. நிமிர்ந்த கூட்டத்தின் நடுவே ஒன்று மட்டும் மடங்கி நிற்பது அதிக ஆற்றல் கேட்கும். எல்லாமே மடங்கிவிட்டால் ஒழுங்கு மீண்டும் அமைந்துவிடும். இரும்பினுள் காந்தத் திட்டுகளைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் எல்லாம் ஒரே நொடியில் மடங்கின என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மூலக்கூறு மடங்க ஒரு நொடியின் இலட்சம் கோடியில் சில பங்கு போதும். நுண்ணோக்கி ஒரு படம் எடுப்பதோ அதற்கு முன் யுகம். அது காட்டுவது முன்னிலையையும் பின்னிலையையும் மட்டுமே.

செறிவான நினைவகத்துக்கு இது உதவலாம் என்று அவர்கள் எழுதினார்கள். எனக்கு அதைவிட 2008-இல் வெளிவந்த சோதனையே சுவையானது. படலத்தின்மேல் பாதரசத் துளி ஒன்றை மின்வாயாக வைத்தனர். புற ஊதா ஒளியில் மூலக்கூறுகள் மடங்கின. துளிக்கும் தங்கத்துக்கும் இடைவெளி குறைய, மின்னோட்டம் கூடியது. பிறகு கட்புல ஒளியைப் பாய்ச்சினர். மூலக்கூறுகள் நிமிர்ந்து, தம் தலைமேல் இருந்த பாதரசத்தையும் தூக்கின, மின்னோட்டம் குறைந்தது.