மேற்குப் பக்கப் பலகை

பழசாக்குவது ஒரு கலை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். தென்காசியில் எதையும் பழசாக்க ஆள் வேண்டியதில்லை. ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் சாரலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். புதுக்கதவு இரண்டு சீசன் தாண்டினால் ஊதிப்போய் தாழ்ப்பாள் விழாது. வெள்ளையடித்த சுவரில் அடுத்த ஆடிக்குள் பாசி ஏறிவிடும்.

ஆனால் உலகத்தின் வேறு மூலைகளில், உள்ளங்கை அளவு மரவீடு ஒன்றை ஒரு மாதம் உட்கார்ந்து கட்டி, அடுத்த மாதம் முழுக்க அதை அறுபது வருஷம் மழையில் நின்ற வீடாக மாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மாதிரி ரயில் கட்டுகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன், நாலு வருஷமாக. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இதை வைத்துக்கொண்டு செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்ற இரண்டு கேள்விகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கிட் என்றால் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் வார்த்தே வரும், ஒட்டினால் முடிந்தது. மரக் கிட்டில் வருவது பெரும்பாலும் சீவிய மரக் குச்சிகள், மெல்லிய பலகைகள், ஒரு வரைபடம், கொஞ்சம் உலோக வார்ப்புகள். பாஸ்வுட் என்கிற நெருக்கமான நார் கொண்ட வெளிர்மரம்தான் அதிகம். நறுக்குவது, சட்டம் கூட்டுவது, பலகை அறைவது, ஓடு வேய்வது எல்லாம் நம் வேலை. தச்சர் செய்வதை அதே வரிசையில் சின்னதாகச் செய்ய வேண்டும்.

எவ்வளவு சின்னது? மிகப் பரவலான ஹெச்ஓ அளவில் எல்லாம் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதன் 19 மில்லிமீட்டர். 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் தண்டவாளம் சுமார் 11.5 ஆகும், கடையில் கிடைப்பது 12. ஆறடி சிலிப்பர் கட்டை 21 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியை இரண்டாக ஒடித்தால் இரண்டு சிலிப்பர். அமெரிக்காவிலிருந்து பாஸ்வுட் வரவழைத்தால் மரத்தின் விலையைவிடத் தபால் செலவு அதிகம். கோவில்பட்டியும் சிவகாசியும் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு எதற்கு அது? தீக்குச்சிக்குப் பேர்போன மட்டி மரம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வளர்கிறது. வெளிர்நிறம், லேசான மரம், சாயத்தை நன்றாகக் குடிக்கும்.

இப்படிக் கட்டியதை அழுக்காக்கும் பழக்கம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. பொம்மை ரயில் என்றால் பளபளக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த புகைப்படக்காரர். 1940களின் பிற்பகுதியிலிருந்து அவர் கட்டி வளர்த்த ரயில் உலகத்தின் பெயரே ஒரு சிலேடை: ‘கோரே அண்ட் டஃபீட்டட்’. ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசித்தால் ‘ரத்தம் வடியத் தோற்றது’ என்று காதில் விழும். கேமராக் கண்ணால் பார்த்துப் பழகியவர் என்பதால், புத்தம்புதுப் பெயிண்ட் படத்தில் பொய்யாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எஞ்சினில் கரி, பலகையில் வெளுப்பு, கூரையில் துரு என்று வரைந்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். இரண்டு வாரத்துக்குள் ஒரு தீ விபத்தில் அந்த ரயில் உலகமும் போயிற்று. மிஞ்சியது புகைப்படங்கள்தான்.

அடுத்தவர் ஜார்ஜ் செல்லியோஸ். 1967-ல் ‘ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ்’ என்ற பெயரில் மரக் கிட்டுகள் தயாரிக்கத் தொடங்கினார். பழசாக்குவது எப்படி என்பதைக் கிட்டைக் கட்டும் வழிமுறைக்குள்ளேயே ஒரு படியாக வைத்தது அந்த மரபு. அவர் சொந்தமாகக் கட்டிய மாதிரி நகரம் 1930களின் பெருமந்த காலத்து நியூ இங்கிலாந்து. சாயம் உரிந்த சுவர்கள், தொங்கும் பலகைகள், விளம்பரத்தின் மேல் விளம்பரம். அந்தச் சிதைவுக்கு ஒரு தேதி உண்டு, காரணமும் உண்டு: பெயிண்ட் அடிக்கக் கையில் காசில்லாத வருஷங்கள். பின்னால் வந்த பலர் தேதியை விட்டுவிட்டார்கள், சிதைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாமவர் ராய் இங்கிலாந்து. ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925-ல் இங்கிலாந்து போனவர். ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ பகுதியின் கூரைவீடுகள் கண்முன்னே மாறுவதையும் மறைவதையும் பார்த்து, அவற்றை அளந்து மாதிரியாகக் கட்டியாவது வைக்கலாம் என்று முடிவெடுத்தார். 1954-ல் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் அதிலிருந்து வந்தது. அங்குள்ள குடிசைகள் பெரும்பாலும் அட்டையால் ஆனவை. ஆனாலும் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். இன்ன வீடு, இன்ன கூரை, இன்ன தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டவர்.

நம் பக்கம் மரத்தில் சின்னதாகச் செய்யும் மரபு இல்லையா? உண்டு. தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் அதே ரயில் பாதையில் இருக்கிறது அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய சொப்புச் சாமான்கள் ஊருக்கே அடையாளம். அடுப்பு, குடம், அம்மி, உரல் என்று ஒரு குடித்தனமே சின்னதாக இருக்கும். ஆனால் அந்த அடுப்பில் கரி கிடையாது, குடத்தில் நசுங்கல் கிடையாது. கொலுப் பொம்மைக்கும் அதே விதிதான். மூக்கு உடைந்தால் படியிலிருந்து இறக்கிவிடுவார்கள். நமக்குச் சின்னது என்றால் புதுசு, மங்கலம். பழசானதைச் சின்னதாகச் செய்து பார்க்கும் ஆசை நம் மரபில் இல்லை. அதனால் இதை வெளியிலிருந்து கற்றுக்கொண்டேன். கருவிகள் மட்டும் உள்ளூர்ச் சரக்கு.

மரம் எப்படிக் கிழடாகிறது என்று பாருங்கள். மரநாரை ஒட்டிவைக்கும் லிக்னின் என்ற பசையை வெயிலின் புற ஊதாக்கதிர் உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிவிடுகிறது. மிஞ்சும் செல்லுலோஸ்தான் அந்த வெள்ளிச் சாம்பல் நிறம். ஆக, வெயில் மட்டும் போதாது, மழை மட்டும் போதாது. கூரை இறவாணத்துக்கு அடியில் இருக்கும் பலகை வருஷக்கணக்கில் பழுப்பாகவே இருக்கும். தரையை ஒட்டிய பலகை சேற்றுத் தெறிப்பில் கருத்து முதலில் உளுத்துப்போகும். ஆணித் தலையிலிருந்து ஒரு கருங்கோடு கீழே வழியும். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் கலக்கும் இடம் அது.

அந்தக் கருங்கோட்டைத்தான் நாங்கள் பாட்டிலில் தயாரிக்கிறோம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட வேண்டும். தீக்குச்சி மரத்தில் துவர்ப்பு குறைவு என்பதால் முதலில் அதற்குத் துவர்ப்பு ஏற்ற வேண்டும். அமெரிக்கர்கள் தேயிலைக் கஷாயம் பூசுவார்கள். நான் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி இடித்துக் கொதிக்கவைத்துப் பூசுகிறேன். காய்ந்தபின் ஆணித் தண்ணீரை ஒரு இழுப்பு இழுத்தால் மரம் கண்ணெதிரே சாம்பலாகும். கலம்காரித் துணியில் கறுப்பு ஏறுவதும் இதே வழிதான்: கடுக்காயில் நனைத்த துணி, வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்பு. தெரிந்த வித்தை, புது இடம்.

இனி எங்கள் பாதை. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902-ல் ரயில் வந்தது. 1903-ல் செங்கோட்டை. மலைக்கு மேற்கே கொல்லம்–புனலூர் 1904-ல் திறந்தது. மலையைக் குடைந்து முடித்து அதே வருஷம் நவம்பரில் இரண்டையும் சேர்த்தார்கள். கொல்லத்துப் பக்கம் முதலில் ஓடிய வண்டியைக் கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பாதையைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். இந்தப் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் இன்னும் நிறையப் பேர். 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் நின்றது. 2018-ல் அகலப்பாதையாக மறுபடி முழுதாகத் திறந்தது. பதிமூணு கண் பாலத்தைப் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். சின்னச் சின்னக் கட்டடங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதை மாதிரியாகக் கட்ட வேண்டுமென்றால் முதல் கேள்வி: எந்த வருஷம்? 1955 என்று வைத்தால் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1 தாண்டினால் சென்னை மாநிலம். 2005 என்றால் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின், பின்னால் தள்ள இன்னொன்று. தேதி போடாத பழமை வெறும் அழுக்குதான்.

இரண்டாவது கேள்வியை எனக்குக் கொடுத்தவர் என் மாமா. ரயில்வே கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனில் ஒரு அமெரிக்க மாதிரியின் படத்தைக் காட்டினேன். உலகமே மெச்சும் வகை வேலைப்பாடு. சரிந்த கூரை, தொங்கும் பலகை, துரு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏன் மருமவனே, இந்த ஊர்ல கேங்குக்கு ஆளே கெடையாதா?”

“இல்ல மாமா, பழசா இருக்கணும்னு வேணும்னே அப்படிச் செய்றது.”

“பழசுன்னா இப்படியா? இந்த லட்சணத்துல வச்சிருந்தா எங்களுக்கு மெமோ குடுத்திருவாவ.”

அப்புறம் அவராகவே பகவதிபுரம் பக்கம் இருந்த சாமான் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டைகளைத் தூணாக நட்டு, பலகை அடித்து, மேலே ஓடு போட்டது. கடப்பாரை, சுத்தியல், விளக்கு வைக்கிற இடம்.

“அப்ப மேற்குப் பக்கம்தான் ரொம்பக் கருத்துப் போயிருக்கும், இல்லையா மாமா? சாரல் அங்கதான அடிக்கும்?”

“அதான் இல்ல. சாரல் அந்தப் பக்கம் அடிக்கும், சரிதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பலகை போயிரும். போனத மாத்திருவோம்லா? அதனால எப்பப் பாத்தாலும் மேக்குப் பக்கந்தான் புதுசு. கிழக்க இருந்ததுதான் நான் வேலைக்குச் சேரும்போதே பழசு.”

எந்தக் கிட்டின் வழிமுறைத் தாளிலும் இது இருக்காது. மழை எங்கே அடித்ததோ அங்கே இருட்டடி என்றுதான் அவை சொல்லும். இயற்கையைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் ஆள் இருக்கிற இடத்தில் அது தலைகீழாகிறது. அதிகம் அடிபட்ட இடம்தான் அதிகம் கை பட்ட இடம். கட்டடத்தின் தோலில் மழை எழுதியதும் இருக்கிறது, மனிதர் எழுதியதும் இருக்கிறது. மழையை மட்டும் வாசித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

இது பொம்மைக்கு மட்டுமான விஷயம் இல்லை. இன்றைக்கு அந்த மீட்டர்கேஜ் பாதையை இணையத்தில் தேடினால் மனதில் தங்குவது வேலை நின்றுபோன வருஷங்களின் படங்கள்தான்: புல் மூடிய தண்டவாளம், கதவில்லாத அறை, ஆலங்கன்று முளைத்த சுவர். அழகான படங்கள், நானும் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாதை 106 வருஷம் ஓடியது. சுண்ணாம்பு அடித்த கற்கள், எண்ணெய் போட்ட கைகாட்டி, மாற்றி மாற்றிப் போட்ட சிலிப்பர்கள் என்று ஓடியது. மலைப்பாதையில் ஒரு கட்டை உளுத்தாலும் வண்டி கவிழலாம் என்பதால், மழையில் நனைந்துகொண்டே நடந்து பார்த்த ஆட்கள் இருந்தார்கள். கைவிட்டபின் வந்த எட்டு வருஷத்துச் சிதைவை வைத்து நூற்றுச் சொச்ச வருஷத்தை நினைத்தால், அந்த ஆட்கள் படத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். ஏதோ அந்தப் பாதை பிறக்கும்போதே இடிபாடாகப் பிறந்த மாதிரி.

அந்தக் கொட்டகையைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். படம் எதுவும் கிடையாது, மாமாவின் வாய்க்கணக்குதான். அகலம் எவ்வளவு என்று கேட்டால், “ரெண்டு கடப்பாரைய நீட்டிப் போடலாம்” என்பார். கடப்பாரை எத்தனை அடி என்று அடுத்த கேள்வி. இப்படித்தான் ஒவ்வொரு அளவும் வருகிறது. உங்கள் வீட்டிலும் தெருவிலும் இதுபோலக் கேட்கக்கூடிய ஆட்கள் இருப்பார்கள்; ரயிலாக இருக்க வேண்டும் என்றில்லை, மில்லோ தறியோ அச்சகமோ. எது எப்போது இடிந்தது என்று கேட்பதைவிட, எது அடிக்கடி போகும், யார் மாற்றுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது.

கிழக்குச் சுவருக்குக் கடுக்காயும் ஆணித் தண்ணீரும் மூன்று தடவை கொடுத்தாயிற்று, நல்ல சாம்பல். மேற்குச் சுவரில் பதினாலு பலகை. ஒன்பதை லேசாகப் பழசாக்கினேன். நாலுக்குக் கழிவு ஆயில் நிறம். ஒன்று மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த தீக்குச்சி நிறத்திலேயே, போன வாரம்தான் அறைந்ததுபோல. கதவு எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு மாமா, “குனிஞ்சுதான் போவணும், என் நெஞ்சு வரைக்கும் வரும்” என்று கையை வைத்துக் காட்டினார். டேப்பை வைத்து அளந்தேன். நாலரை அடி. 87-ஆல் வகுத்தால் 16 மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டர் கேங்மேன் தலையைக் குனிந்துதான் உள்ளே போவார்.