ஒரு பைசாவில் தொடங்கிய இலவச மின்சாரம்

குமாரபாளையத்தை ஒட்டித்தான் காவிரி ஓடுகிறது. ஆனாலும் ஆற்றங்கரை ஊர் என்பதற்காக எல்லாக் காட்டுக்கும் தண்ணீர் ஏறிவிடாது. மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் பாயும் நிலத்துக்கு ஆண்டில் சில மாதம் தண்ணீர் உண்டு. வாய்க்காலுக்கு மேலே இருக்கும் மேட்டாங்காட்டுக்குக் கிணறுதான் கதி. அந்தக் கிணற்று மோட்டாருக்கு இன்று கரண்டு பில் கிடையாது. உழவருக்காக அரசே மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. இந்த மானியம் சும்மா வந்ததில்லை.

1932-இல் பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியது. பிறகு மேட்டூரும் சேர்ந்துகொண்டது. கம்பிகள் கொங்கு நாட்டுக் காடுகளுக்கு நீள நீள, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் கோயம்புத்தூர் மோட்டார்கள் உட்கார்ந்தன. கிணறு வெட்டியது, மோட்டார் வாங்கியது, கரண்டுக்குக் கட்டியது எல்லாம் உழவரின் சொந்தப் பணம், பெரும்பாலும் கடன். அணைத் தண்ணீரில் விளைவிப்பவர் கொஞ்சம் தீர்வை கட்டினால் போதும்; நாங்கள் மட்டும் யூனிட் கணக்கில் ஏன் கட்ட வேண்டும் என்று கிணற்றுக்காரர்கள் கேட்டார்கள்.

1970-இல் மின்கட்டணம் ஏறியபோது அந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா குறை என்பது கோரிக்கை. கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு முன்னால் நின்றார். அந்த ஆண்டு ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று உழவர்கள் இறந்தார்கள். 1972-இல் மறுபடியும் போராட்டம். மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கோவை நகரையே முடக்கினார்கள். ஜூலை 5-இல் சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது குமாரபாளையமும் சேலம் மாவட்டம்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 5-இல் விவசாய சங்கங்கள் உயிர்விட்டவர்களை நினைத்துக் கூடுவது அந்தத் துப்பாக்கிச் சூட்டால்தான்.

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு, குறு உழவர்களுக்குக் கரண்டை இலவசமாக்கியது. மற்றவர்கள் மீட்டர் கணக்கில் இல்லாமல் மோட்டாரின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று கட்டினார்கள். நாயுடு அந்த ஆண்டு டிசம்பரில் கோவில்பட்டியில் காலமானார். 1989-இல் ஆட்சிக்கு வந்த மு. கருணாநிதி அரசுதான் எல்லா உழவர்களுக்கும் இலவசம் என்றாக்கியது.

2003-இல் ஜெயலலிதா அரசு மறுபடியும் கட்டணம் போட்டது. சிறு உழவருக்கு அரசு பணமாகக் கொடுத்து ஈடுசெய்யும் என்றது. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஓரிடமும் பெறவில்லை. முடிவு வெளியான சில நாளிலேயே பழைய இலவசம் திரும்பியது. 2020-இல் மத்திய அரசின் மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, உழவர் முதலில் பில் கட்டட்டும், மானியம் வங்கிக் கணக்கில் வரட்டும் என்றபோது, எடப்பாடிக்காரரான அன்றைய முதல்வர் பழனிசாமி வேண்டாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பணமாக வருவது ஒரு தவணை தள்ளிப்போகும், பிறகு குறையும், ஒரு நாள் நின்றும் போகும் என்பது உழவரின் பயம். பில்லே வராவிட்டால் அந்தப் பயம் இல்லை.

ஆனால் மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு இறைத்தோம் என்ற கணக்கும் இல்லை. கிணறு வற்றினால் போர் போடுகிறோம். அதுவும் வற்றினால் இன்னும் ஆழமாகப் போடுகிறோம். கரண்டு இலவசம், போர் போடும் செலவு இலவசமில்லை. கடன் வாங்கிக் கிணறு வெட்டியவர் கேட்ட நியாயத்தில் பிறந்த மானியம் இது. அதனால் கிணறே இல்லாமல் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக்காரருக்கு இதில் ஒரு பைசாவும் கிடையாது. அவருடைய நியாயத்தைப் பேச இன்னும் ஒரு நாயுடு வரவில்லை.