பொழுதுபோக்காய் வளர்ந்த புகைப்படக் கலை

உழைப்புக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கும் ஒரு பயன் வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்து, அலுவலகமும் இல்லமுமாய் நாள்களைக் கழிக்கும் நமக்கு இது மிகவும் பொருந்தும். அத்தகைய பயனுள்ள பொழுதுபோக்குகளுள் ஒன்று புகைப்படக் கலை. இந்நாட்டில் அதனை வளர்த்தவருள் பலர், வேறு பணி புரிந்துகொண்டே ஓய்வு வேளையில் அதனைப் பயின்றவர் ஆவர்.

1839-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தாகேர் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. பதினைந்தே ஆண்டுகளில், 1854-இல், பம்பாயில் புகைப்படச் சங்கம் தோன்றியது. 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன.

சென்னைப் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப், 1854-இல் தம் சொந்த விருப்பினாலேயே ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம்பிடித்தார். பின்னர்ச் சென்னை அரசு அவரையே தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். பொழுதுபோக்கு தந்த பொறுமையன்றோ அது!

ஜயப்பூர் மன்னர் இரண்டாம் ராம்சிங் (ஆட்சி 1835-1880) அந்தப்புர மகளிரையும், சிவனடியார் கோலம் பூண்ட தம்மையும் படமெடுத்து மகிழ்ந்தார். இந்தூர்ப் பொதுப்பணித் துறையில் வரைபடப் பணி புரிந்த தீனதயாள், 1870-களில் பொழுதுபோக்காகத் தொடங்கிய கலையினால் நிஜாமின் அவைப் புகைப்படக்காரராக உயர்ந்து, 'ராஜா' என்னும் பட்டமும் பெற்றார்.

கண்ணாடித் தகடும் இரசாயனமும் சுமந்த அக்காலத்தில் இக்கலை வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்தது. 1888-இல் ஈஸ்ட்மன் சுருள் படலம் அடங்கிய கோடக் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1900-இல் வெளிவந்த பிரௌனிக் காமிராவின் விலை ஒரே டாலர். 1932-இல் வந்த 8 மில்லிமீட்டர்ச் சினிமாப் படலம் அசையும் படத்தையும் இல்லத்துள் கொணர்ந்தது. இன்றோ கைப்பேசி இரண்டையும் நம் உள்ளங்கையில் வைத்துவிட்டது.

எனினும், கருவி எளிதானமையால் கலை எளிதாகிவிடவில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, முகம் எப்பொழுது மலர்கிறது என்று காத்திருந்து நோக்குபவனுக்கே நல்ல படம் கிட்டும். அங்ஙனம் நோக்கப் பழகிய உள்ளம் அன்றாடக் கவலையினின்றும் சிறிது நேரமேனும் விடுபடும்.

நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. நம் இல்லங்களில் பெட்டிக்குள் உறங்கும் பழைய படங்களில் இருப்பவர் யாவர், எவ்வூரார் என்று சொல்ல வல்ல முதியோர் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். பாட்டனார் பெயரறியாத பேரனுக்கு அப்படம் வெறுங்காகிதமே. ஆகவே, காலனிப் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் செல்லும்போது காமிராவுடன் ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்லட்டும். பெரியோரைப் படமெடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் கேட்டு எழுதி வரட்டும். டிரைப் கல்வெட்டைக் காத்தார். நாம் நம் குடும்பங்களின் நினைவைக் காப்போமாக!