ஆறாவது மனிதர்

தொழிற்சங்க வரலாற்றைக் கற்போர் இங்கிலாந்தின் டோர்செற் மாவட்டத்துச் சிற்றூராகிய டொல்பட்டிலை அறிவர். 1834ஆம் ஆண்டில் அவ்வூர் விவசாயக் கூலிகள் அறுவர் சங்கம் அமைத்தமைக்காக நாடுகடத்தப்பட்டனர். அவர்தம் தலைவரும் மெதடிஸ்த போதகருமான ஜோர்ஜ் லவ்லெஸ் பற்றி நாம் பலகாற் பேசியுள்ளோம். ஜேம்ஸ் ஹமெற் பற்றியோ குறைவாகவே பேசுகிறோம். அவர் போதகருமல்லர்; பழிச்சொல்லுக்கு அப்பாற்பட்டவருமல்லர். 1829இல் இரும்புத் துண்டுகளைத் திருடிய குற்றத்துக்காக நான்கு மாதக் கடூழியச் சிறை அனுபவித்து மீண்டவர். அத்தகைய ஒருவர் தோழமைச் சங்கமொன்றில் இடம்பெறத் தகுதியுடையவர்தாமா?

இவ்வினாவுக்கு விடைகாண முன், அக்கூலிகளின் வாழ்வை நோக்குவோம். அவர்களின் வாரக்கூலி 9 சில்லிங்கிலிருந்து 8 ஆகவும், பின்னர் 7 ஆகவும் குறைக்கப்பட்டது. இனி 6 சில்லிங்தான் என்ற அச்சுறுத்தலும் எழுந்தது. குடும்பமொன்றின் பசியாற்றவும் இது போதாது. இந்நிலையிலேதான் 1833இல் விவசாயத் தொழிலாளர் நட்புறவுச் சங்கம் தோன்றியது. நுழைவுக் கட்டணம் 1 சில்லிங். வாரச் சந்தா 1 பென்னி. புதிதாகச் சேர்வோர் கண்கட்டப்பட்டு, எலும்புக்கூட்டின் ஓவியம் முன்னிலையில் இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தனர். வன்செயலாற் சங்கத்தின் நோக்கம் நிறைவேறாது என அதன் விதிகளே கூறின. இச்சங்கம் ஹமெற்றின் பழைய தண்டனையைக் காரணங்காட்டி அவருக்குக் கதவடைக்கவில்லை.

தொழிலாளர் ஒன்றுகூடுதலைத் தடுத்த சட்டங்கள் 1824இலேயே நீக்கப்பட்டுவிட்டன. எனவே சங்கம் அமைத்ததைக் குற்றமாக்க இயலாத ஆளும் வர்க்கம், கடற்படைக் கலகத்தையொட்டி 1797இல் இயற்றப்பட்ட சட்டவிரோதச் சத்தியங்கள் பற்றிய சட்டத்தைத் தேடியெடுத்தது. விந்தை யாதெனில், இரகசியச் சங்கங்களை ஒடுக்கிய 1799ஆம் ஆண்டுச் சட்டம் பிரீமேசன்களுக்கு விலக்களித்திருந்தது. மன்னரின் சகோதரரான கம்பர்லாந்துக் கோமகனே ஒரேஞ்சுச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். செல்வந்தரின் சகோதரத்துவம் கௌரவம். ஏழையின் சகோதரத்துவமோ குற்றம்!

1833 டிசம்பர் 9ஆந் திகதி இரவு நிகழ்ந்த சத்தியச் சடங்கே வழக்கின் அடிப்படை. அங்கிருந்தோரை எட்வர்ட் லெக் என்பவர் சாட்சியாக நின்று அடையாளங் காட்டினார். ஆனால் அன்றிரவு அங்கிருந்தவர் ஜேம்ஸ் ஹமெற் அல்லர். அவர்தம் சகோதரர் ஜோன் ஹமெற். ஜோனின் மனைவி அப்போது பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்தாள் என்பர். ஜேம்ஸ் ஒரு சொல் உரைத்திருந்தால் தாம் தப்பியிருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. 1834 மார்ச்சில் டோர்செஸ்ரர் நீதிமன்றம் அறுவருக்கும் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தது.

ஹமெற் நியூ சவுத் வேல்ஸில் எட்வர்ட் ஜோன் அயரின் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். இந்த அயரே பின்னாளில் யமேக்காவின் ஆளுநராயிருந்து, 1865இல் கறுப்பின மக்களின் கிளர்ச்சியை இரத்தத்தில் மூழ்கடித்தவர். தாம் ஒரு பவுணுக்கு அடிமைபோல் விற்கப்பட்டதாக ஹமெற் பிற்காலத்திற் கூறினார். இங்கிலாந்துத் தொழிலாளர் திரண்டெழுந்து போராடியதன் பயனாக 1836இல் அறுவருக்கும் மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் தாக்குதல் வழக்கொன்றினால் தாமதமுற்ற ஹமெற், 1839இலேயே ஊர் மீண்டார்.

ஏனைய ஐவரும் பின்னர் கனடாவிற் குடியேறினர். ஹமெற் மட்டும் சொந்த ஊரிலேயே கட்டிடக் கூலியாக வாழ்ந்தார். 1875இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரைப் பாராட்டிக் கைக்கடிகையன்று, சட்டைப்பைக் கடிகாரமொன்றைப் பரிசளித்தது. 1891இல் டோர்செஸ்ரர் ஏழைகள் விடுதியில் அவர் உயிர் நீத்தார். அவரது கல்லறையில் நினைவுக்கல் நாட்டப்பட்டது 1934இலேதான்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறுவோம். 1829இல் நீதிமன்றம் ஹமெற்றிடம் கண்டது சில இரும்புத் துண்டுகளை மட்டுமே. தோழர்கள் அவரிடம் கண்டது மனிதனை. பட்டினிக் கூலி கொடுத்தவர் மேன்மக்களாய் உலவிய ஊரில், இரும்பு திருடியவர் மட்டும் குற்றவாளியாய்ப் பதிவு செய்யப்பட்டார். அப்பதிவை மட்டும் பார்த்துச் சங்கம் அவரை ஒதுக்கியிருப்பின், இடர் வந்த வேளையில் வாய்மூடி நின்று சகோதரனைக் காத்த ஒருவரை அது இழந்திருக்கும். சிறையிலிருந்து மீண்டு வந்து நம் சங்கங்களின் வாயிலில் நிற்பவனிடம் பழைய தீர்ப்பைக் கேட்குமுன், நாம் ஹமெற்றை நினைவுகொள்ளல் வேண்டும்.