நாயின் குணம் திடீரென மாறுவது ஏன்? கவனிக்க வேண்டிய மருத்துவக் காரணங்கள்

பல ஆண்டுகள் வீட்டாருடன் இணக்கமாகப் பழகிய நாய், ஒரு நாள் தலையைத் தடவ வரும் கையைப் பார்த்து உறுமுகிறது. அல்லது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. இத்தகைய மாற்றத்தைத் திமிர் என்று கருதி அடிப்பதும், பயிற்சியாளரைத் தேடுவதும் வழக்கமாக உள்ளது. ஆனால் முதலில் செல்ல வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனையே.

இந்தியாவில் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது ரேபிஸ் எனப்படும் வெறிநோய். காண்பவரையெல்லாம் கடிக்கப் பாயும் நாயையே பலரும் வெறிநாய் என எண்ணுகின்றனர். இந்நோய்க்கு அமைதியான வடிவமும் உண்டு. நாய் இருட்டில் ஒதுங்கும், குரல் மாறும், கீழ்த்தாடை தொங்கி எச்சில் வழியும், விழுங்க இயலாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்து உரிமையாளர் வாய்க்குள் கைவிடுவது இத்தருணத்தில்தான். அது உயிருக்கே ஆபத்தானது. அறிகுறிகள் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் இருக்கக்கூடும். கடி, கீறல் பட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ அந்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்த நாயை 10 நாட்கள் கண்காணிப்பது அவசியம். எனினும் அதன் முடிவுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் வெளிப்பட்ட பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

முறையாகத் தடுப்பூசி போடப்பட்ட நாயிடம் மாற்றம் தோன்றினால், வலியே பெரும்பாலும் காரணமாக இருக்கும். எந்த இடத்தைத் தொடும்போது சீறுகிறது என்பது நல்ல துப்பு. லேப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போன்ற தொங்கு காது நாய்களுக்கு மழைக்காலத்தில் காதுத் தொற்று எளிதில் வரும். உணவை வாயிலிருந்து நழுவவிட்டால் பல்லைப் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறத் தயங்கினால் இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும்.

உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா, பெபேசியா தொற்றுகளால் சுறுசுறுப்பான நாய் சோர்ந்து படுத்துவிடும். குட்டிகளைத் தாக்கும் டிஸ்டெம்பர், நரம்புகளைப் பாதித்து வலிப்பையும் தசைத் துடிப்பையும் உண்டாக்கும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காத நாய் திடீரென அப்படிச் செய்து, அதிகமாகத் தண்ணீரும் குடித்தால் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பருவம் முடிந்த சில வாரங்களில் இதே தாகமும் சோர்வும் வந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். இது ஒரு நாள்கூடக் காத்திருக்கத் தகாத நிலை.

முதிய நாய்கள் இரவில் காரணமின்றிக் குரைப்பதும், பழகிய வீட்டிலேயே மூலையில் சிக்கி நிற்பதும் மூளை முதுமையடைவதன் அடையாளமாகலாம். பார்வை மெல்ல மங்கிய நாயோ, மேசை, நாற்காலியை இடம் மாற்றும் வரை அதை வெளிக்காட்டாது.

மாற்றம் தொடங்கிய நாள், கடைசித் தடுப்பூசியின் தேதி, உணவு, தண்ணீர் அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பது மருத்துவருக்கு உதவும். மருத்துவமனையில் பல நாய்கள் பயத்தில் அடங்கிவிடுவதால், வீட்டில் எடுத்த கைபேசிக் காணொளி அதைவிடப் பயன்படும். இடையில் வலி குறையட்டும் என்று இபுப்ரோஃபென் போன்ற மனிதர்களுக்கான மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. அவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும்.