பெலூசோவ்–ஜாபோடின்ஸ்கி வினை

அலைவு வினைகளுள் மிகப் பெயர்பெற்றது. உயிரில்லாத நான்கைந்து வேதிப்பொருள்களின் கரைசல், நாடி போலத் தானே நிறம் மாறி மாறித் துடிக்கும்.

1951-இல் சோவியத் வேதியியலர் போரிஸ் பெலூசோவ், உயிரணுவின் கிரெப்ஸ் சுழற்சியைக் குடுவையில் எளிமையாக நடத்திப் பார்க்க முயன்றார். சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் புரோமேட், கந்தக அமிலம், சிறிது சீரியம் உப்பு. கரைசலின் மஞ்சள் நிறம் வெளுத்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, மறுபடி மஞ்சள், மறுபடி வெளுப்பு. அவர் அனுப்பிய கட்டுரையை, நடக்கவே முடியாதது என்று இதழாசிரியர் திருப்பிவிட்டார். வினை சமநிலையை நோக்கி ஒரே திசையில்தான் போகும் என்பது அன்றைய பாடம். 1921-இல் அமெரிக்காவின் வில்லியம் பிரே கண்ட அலைவையும் தூசியின் வேலை என்றே ஒதுக்கியிருந்தார்கள். அந்த மறுப்பு தவறு. ஊசல்தான் தன் சமநிலையைக் கடந்து இருபுறமும் ஆடும். இவ்வினையோ சமநிலைக்கு வெகுதொலைவில், இடைப்பொருள்களின் அளவு மட்டும் ஏறி இறங்க, மூலப்பொருள் தீரும்வரை ஆடுகிறது. 1959-இல் கதிரியக்க மருத்துவச் சுருக்கத் தொகுப்பு ஒன்றில் பெலூசோவின் சிறு குறிப்பு வெளிவந்தது. படித்தவர் மிகச் சிலரே.

1961-இல் மாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அனத்தோல் ஜாபோடின்ஸ்கி அதைக் கையிலெடுத்தார். சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலம் இட்டார். ஃபெரோயின் என்ற நிறங்காட்டி சேர்ந்ததும் நிறமாற்றம் சிவப்பு, நீலம் எனத் துலங்கியது. 1970-இல் அவரும் உடன் ஆய்வாளர் சைக்கினும் கரைசலைக் கலக்காமல் மெல்லிய படலமாகப் பரப்பியபோது அலைகள் எழுந்தன. சிவப்புப் பரப்பில் ஒரு நீலப் புள்ளி. அது வளையமாக விரியும். உள்ளே அடுத்த வளையம் பிறக்கும். இரு வளையங்கள் மோதினால் குளத்து அலைபோல ஒன்றையொன்று ஊடுருவிப் போகாது. மோதிய இடத்தில் இரண்டும் அழியும். அலை கடந்த இடம் சற்று ஓய்ந்த பிறகே மீண்டும் கிளர்வதுதான் காரணம். நரம்புத் துடிப்பின் இயல்பும் இதுவே. 1972-இல் ஃபீல்டு, கோரோஸ், நாய்ஸ் மூவரும் வினையின் படிநிலைகளை விளக்கினர்: புரோமைடு அயனி ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும், தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் படி தொடங்கிவிடுகிறது.

1995-இல் ஸ்டைன்பாக், டோத், ஷோவால்ட்டர் ஆகியோர் இந்த அலையைப் புதிர்வழிக்குள் விட்டு மிகக் குறைந்த தூரப் பாதையைக் கண்டறிந்தனர். இதை அலையின் அறிவு என்பது கொஞ்சம் தாராளம். அலை எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் பரவியது; எது எப்போது எங்கே சேர்ந்தது என்று படமெடுத்துக் கணித்தவை கேமராவும் கணினியும்.

அதற்கு முன்பே, 1980-இல், இந்த வினை பற்றிய ஆய்வுக்காக ஐவருக்கு லெனின் பரிசு வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான பெலூசோவ் அப்போது இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.